முதல் பிரதி பெற்றுக்கொள்பவர்

அந்தப் பையை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்திக்கிறேன் சார், ஒங்க காலு பட்டுறப் போகுது. தப்பா நெனச்சுக்காதீங்க. உள்ள புத்தகம் இருக்கு. புத்தகம்னா கடையில தொங்கவிட்டு விக்கிற புத்தகம் இல்ல, இது வேற. போடி வரைக்கும் போறீங்களா, தேனியா? தேனியா, நல்லது. ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க. எனக்கு வெயிலு ஆகாது. எனக்கு ஆகாதுங்கறதவிட இதுக்கு ஆகாது, அட்டை வெளுத்துரும்.

மதுரை தமுக்கத்துல புத்தகக் கண்காட்சி நடக்குதுல்ல, அங்கருந்துதான் வர்றேன். நீங்க போகலையா? போகாததே நல்லது. இப்பல்லாம் புத்தகம் வாங்கவா வர்றாங்க? மொளகா பஜ்ஜி திங்க வர்றாங்க, போட்டோ எடுக்க வர்றாங்க. பஜ்ஜி தின்ன கையோட புத்தகத்தை எடுத்துப் பெரட்டுறாங்க சார். கடைக்காரரும் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு வயிறு எரியுது.

இந்தா பாருங்க. தொடாதீங்க, பாருங்க. துணி அட்டை. நூறு பிரதிதான் போட்டிருக்காங்க. இதுக்கப்புறம் இந்த மாதிரி போடவே மாட்டாங்க. கடைசிப் பக்கத்துல கையால நம்பர் எழுதி, பக்கத்துலயே எழுதுனவங்க கையெழுத்து இருக்கும். எனக்கு வந்தது பதினேழாம் நம்பர். நான் ஒண்ணாம் நம்பர் கேட்டேன். "அதெல்லாம் முன்பதிவு பண்ணவங்களுக்குப் போயிருச்சு சார்"ன்னுட்டாங்க. முன்பதிவாம். ஒண்ணாம் நம்பர் யாருக்குப் போகணுமோ அந்த ஆளே நேர்ல வந்து நிக்கிறேன், எங்கிட்ட முன்பதிவு பேசுறாங்க.

ஏன்னா, இதை எழுதுனது எம் மக சார். சங்கரேஸ்வரி. வீட்ல சங்கரி. ஒரே மக. எங்கிட்டப் பேசி ஆறு வருஷம் ஆச்சு.

நீங்களே சொல்லுங்க, ஒரு எழுத்தாளருக்கு எப்பேர்ப்பட்ட அப்பன் வேணும்? புத்தகம்னா முகத்தைச் சுளிக்கிற அப்பன் இருக்கான். "இதெல்லாம் சோறு போடுமா?"ன்னு கேக்குற அப்பன் இருக்கான். நான் அப்படியா? எங்க தெருவுல வந்து கேட்டுப் பாருங்க. மத்தவன் நகை சேத்தான், எடம் வாங்கிப் போட்டான். நான் புத்தகம் சேத்தேன். அதுவும் கையெழுத்துப் போட்ட புத்தகம். அச்சுப்போட்டது கொஞ்சமா இருக்கணும், கையெழுத்து இருக்கணும். ரெண்டும் இல்லாதது நம்ம வீட்டு வாசப்படி ஏறாது.

அதுல இருக்கற சொகம் ஒங்களுக்குத் தெரியாது சார். ஒரு பழைய பேப்பர் கடைக்குள்ள நுழையிறீங்க. கைடு, பஞ்சாங்கம், வாரப் பத்திரிகைக் கட்டு. நடுவுல ஒண்ணு, அட்டை சொறி புடிச்ச மாதிரி கெடக்குது. எடுத்து மொதப் பக்கத்தைத் திருப்புறீங்க. நீல மையில கையெழுத்து. நெஞ்சு அடிச்சுக்கும். ஆனா மொகத்துல காட்டக் கூடாது. ரெண்டு கைடு, ஒரு சமையல் புத்தகம் சேத்து எடுத்து, நடுவுல இதைச் சொருகி, "எடை போடுப்பா"ன்னு சலிச்சுக்கிட்டே சொல்லணும். நான் ஏலக்காய் ஏலக் கம்பெனியில மேனேஜரா இருந்தவன். காயைக் கையில எடுத்த ஒடனே தரம் தெரிஞ்சுரும், ஆனா தெரிஞ்ச மாதிரி காட்ட மாட்டேன். அந்தப் பழக்கம் எனக்கு இதுக்குத்தான் ஒதவுச்சு. கடைய விட்டு வெளிய வந்து, தெருமுக்கு திரும்பினதுக்கப்புறந்தான் சிரிப்பேன். தனியா நின்னு சிரிப்பேன் சார். போற வர்றவங்க பாப்பாங்க.

ஒரு தடவ திண்டுக்கல்ல கெடச்சது ஒண்ணு. "என் உயிரினும் இனிய நண்பர் ராசப்பனுக்கு"ன்னு அரைப் பக்கம் எழுதியிருக்கு. உயிரினும் இனிய ராசப்பன் அதை எடைக்குப் போட்டிருக்கான். அன்னிக்கு முடிவு பண்ணேன், நம்ம வாங்குற புத்தகத்துல பேர் எழுத விடக் கூடாதுன்னு. எந்த எழுத்தாளர்கிட்டப் போனாலும் சொல்லிருவேன், "ஐயா, பேரு வேண்டாம். அன்புடன் கின்புடன் எதுவும் வேண்டாம். கையெழுத்து, தேதி. போதும்." சில பேரு ஒரு மாதிரியா பாப்பாங்க. பாக்கட்டும். பேர் எழுதிட்டா அது அந்த ஆளோட முடிஞ்சு போச்சு. கையெழுத்து மட்டும் இருந்தா, யாரு கைக்குப் போனாலும் மதிப்புக் கொறையாது.

வாசிக்கிறதா? அதை எப்படி சார் வாசிக்கிறது? விரிச்சா பைண்டிங் விட்டுரும். நான் கவர் போட்டு, ஒட்டி, பீரோவுல அடுக்கி, பூச்சி வராம ஓரத்துல வசம்பு வச்சுப் பூட்டிருவேன். சாவி என் அரைஞாண் கயித்துல இருக்கும். சங்கரி சின்னப் புள்ளையா இருக்கப்ப அந்தப் பீரோவுக்குக் கீழதான் உக்காந்திருப்பா. கண்ணாடிக் கதவு வழியா பேரையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசிப்பா. அப்புறம் எந்திரிச்சு நூலகத்துக்குப் போயி, அதே புத்தகத்தை எடுத்துட்டு வந்து, பீரோவுக்குக் கீழ உக்காந்து வாசிப்பா. எவ்வளவு பொறுப்பு பாருங்க. வீடு நெறைய புத்தகம் இருந்தும் ஒண்ணைக்கூடத் தொடாம வளந்த பொண்ணு சார். வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பெருமையா சொல்லுவேன்.

அப்படி வளத்தேன். அவ பண்ணதக் கேளுங்க.

கல்யாணம் ஆகி மதுரையிலதான் இருக்கா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவளோட மொதப் புத்தகம் வந்துச்சு. விழா வச்சாங்க. அழைப்பிதழ் கொண்டாந்து குடுத்தா. நூல் வெளியிடுபவர் இன்னாருன்னு ஒரு பேராசிரியர் பேரு போட்டிருந்துச்சு. அதுக்குக் கீழ, "முதல் பிரதி பெற்றுக்கொள்பவர்: திரு. ஜெகதீசன், போடிநாயக்கனூர்". எம் பேரு சார். அந்த எடத்துல யாரு பேரு போடுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும். பதவியில இருக்கறவன், பணம் இருக்கறவன், நாளப்பின்ன ஒதவுறவன். இவ எம் பேரைப் போட்டிருந்தா. "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்பா. மேடையில நின்னு வாங்கிக்கிட்டா போதும்"ன்னா. நான் புதுச் சட்டை எடுத்தேன்.

விழா அன்னிக்குக் காலையில பழனியிலருந்து போன். சுப்புரத்தினம்னு பழைய புத்தகம் வாங்கி விக்கிறவரு. "அண்ணாச்சி, ஒரு வீட்டைக் காலி பண்றாங்க, மூட்டை மூட்டையா கெடக்கு, நீலமேகதாசன் கவிதைப் புத்தகம் இருக்குங்கறாங்க"ன்னாரு. ஒங்களுக்கு அந்தப் பேரு தெரியாது. அம்பது பிரதிதான் போட்டாரு மனுசன். அம்பதுலயும் பச்சை மையில கையெழுத்து. அதுக்காக நான் அலையாத ஊரு இல்ல. "மத்தியானம் பழைய பேப்பர் லாரி வந்துரும், அண்ணாச்சி, அப்புறம் எனக்குத் தெரியாது"ங்கறாரு.

விழா சாயங்காலம் அஞ்சு மணிக்கு. பழனிக்கும் மதுரைக்கும் என்ன தூரம்? வீட்டுக்காரிய நேரா மண்டபத்துக்குப் போகச் சொல்லிட்டு, புதுச் சட்டையப் போட்டுக்கிட்டே பழனிக்கு பஸ் ஏறிட்டேன். போன ஒடனே கெடச்சிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. மூட்டை அவ்வளவு. வந்த லாரியக் காக்க வச்சுட்டு ஒவ்வொண்ணா அவுத்துக் கொட்டுனேன். மூட்டைக்குள்ள கைய விட்டவனுக்கு நேரம் தெரியாது சார். போன் அடிச்சிருக்கு, சட்டைப் பையிலதான் இருக்கு, கேக்கல. கேட்டுச்சோ என்னவோ, கையில தூசி. கடைசியில அடியில கெடந்துச்சு. பச்சை மை கொஞ்சங்கூட மங்கல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

மதுரைக்கு வந்து சேந்தப்ப மண்டபத்துல நாற்காலிய மடக்கி அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. எம் பேரை மைக்குல ரெண்டு மூணு தடவ கூப்பிட்டிருக்காங்க. அப்புறம் அவளுக்குக் காலேஜ்ல பாடம் எடுத்த மங்கையர்க்கரசின்னு ஒரு அம்மா எந்திரிச்சுப் போயி வாங்கிக்கிட்டாங்களாம். நான் ஓடிப் போயி, "சங்கரி, கெடச்சிருச்சும்மா"ன்னேன். "எதுப்பா?"ன்னா. எடுத்துக் காமிச்சேன். பாத்தா. "நல்லா இருக்குப்பா"ன்னா. அவ்வளவுதான். நல்லா இருக்குன்னு சொன்னவ மனசுல கோவம் இருக்குன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? நான் என்ன குடிச்சிட்டு விழுந்து கெடந்தேனா, சீட்டாடப் போனேனா? புத்தகத்துக்குத்தான போனேன்? வேற யாருக்குப் புரியாட்டியும் எழுதுறவளுக்குப் புரிய வேண்டாமா?

அதோட விட்டேனா? விடல. மறுநாள் காலையில அந்த மங்கையர்க்கரசி அம்மா வீட்டுக்குப் போனேன். அழைப்பிதழக் காட்டி, "அம்மா, மொதப் பிரதி எனக்குச் சேர வேண்டியது, அச்சுலயே போட்டிருக்கு"ன்னு சொன்னேன். அந்த அம்மா என்னையே பாத்தாங்க. உள்ள போயி எடுத்துட்டு வந்து குடுத்தாங்க. அதுக்குள்ள வாசிக்க ஆரம்பிச்சிருக்காங்க சார், நடுவுல ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வச்சிருந்தாங்க. நல்லவேளை, கோடு கீடு எதுவும் போடல. டிக்கெட்டை எடுத்து அவங்ககிட்டயே குடுத்துட்டு வந்தேன்.

அங்கருந்து நேரா மக வீட்டுக்கு. சந்தோசமாத்தான் போனேன். பேனாவும் நானே கொண்டு போனேன், நல்ல மை. "கையெழுத்துப் போடும்மா"ன்னேன். அவ புத்தகத்தைப் பாத்தா, என்னையப் பாத்தா. "டீச்சர்கிட்ட வாங்கிட்டு வந்தீங்களா?"ன்னா. ஆமான்னேன். அப்புறம் பேனாவத் தெறந்து, "என்னன்னு எழுத?"ன்னு கேட்டா.

நான் எல்லார்கிட்டயும் சொல்றதத்தான் சொன்னேன். "ஒண்ணும் எழுதாத. கையெழுத்து, தேதி போதும். தேதி மட்டும் நேத்து தேதியாப் போடு"ன்னேன்.

பேனாவ மூடுனா. புத்தகத்தை மூடுனா. ரெண்டையும் எங்கையில குடுத்துட்டு உள்ள போயிட்டா. மாப்பிள்ளதான் காபி கொண்டாந்து வச்சாரு. அன்னிக்கு உள்ள போனவதான் சார். போன் பண்ணா எடுக்கறதில்ல. வீட்டுக்காரி மாசத்துல பாதி நாள் மக வீட்லதான் இருக்கா, எனக்கு ஒரு வாய் சோறு பொங்கிப் போட ஆளில்ல. கையெழுத்துக் கேட்டது ஒரு குத்தமா? நாட்டுல எத்தன அப்பன் மககிட்டக் கையெழுத்துக் கேட்டிருக்கான்? பத்திரத்துல போடச் சொல்லிக் கேப்பான். நான் புத்தகத்துல கேட்டேன்.

உசிலம்பட்டி வந்துருச்சா? டீ குடிக்கிறீங்களா? வேண்டாமா. சரி, எனக்கும் எறங்க வேண்டாம். பைய விட்டுட்டு எறங்க முடியாது.

அது கெடக்கட்டும். போன வருஷம் ஒண்ணு நடந்துச்சு. எங்க ஊர்ல போஸ்னு எங்கூட வேலை பாத்தவன், பத்திரிகை விடாம வாசிக்கிறவன். டீக்கடையில பக்கத்துல வந்து உக்காந்து, "அண்ணே, சங்கரி கதை ஒண்ணு வந்திருக்கு, அதுல ஒரு அப்பா வர்றாரு"ன்னான். "என்னடா எழுதியிருக்கா?"ன்னேன். சிரிச்சிருந்தான்னாக்கூட நான் நாலு வார்த்தை திட்டிட்டு வந்திருப்பேன். அவன் சிரிக்கல. எந்தோள்ல கைய வச்சான். வச்சிட்டு, "நீங்களே வாசிங்கண்ணே"ன்னு எந்திரிச்சுப் போயிட்டான். வீட்டுக்காரிகிட்டக் கேட்டேன். அவளும் அதே பாட்டு, "வேணும்னா நீங்க படிச்சுப் பாருங்க." என்னன்னுதான் சொல்லித் தொலைங்களேன். ஊரே வாசிச்சிருச்சு, எம்மூஞ்சியப் பாக்குது. எனக்கு மட்டும் தெரியல, எம் மக என்னைய என்னவா எழுதி வச்சிருக்கான்னு. மனுசனா எழுதியிருக்காளா, இல்ல... சரி விடுங்க.

அந்தக் கதை இப்ப இந்தத் தொகுப்புல வந்திருக்கு. இன்னிக்குக் காலையில கடையில இந்தத் துணி அட்டைய வாங்குனேன். கையெழுத்தெல்லாம் ஏற்கெனவே போட்டு வச்சது, அவகிட்டப் போகவே வேண்டாம். வந்த வேலை முடிஞ்சுச்சு. பஸ் ஏற வேண்டியதுதான். திரும்புறேன், அந்தப் பக்கம் ஒரு மேசை போட்டு சங்கரி உக்காந்திருக்கா. வரிசையில ஆளுக நிக்கிறாங்க, சாதாப் பதிப்பை வாங்கிக் கையெழுத்துக்கு. ஒரு காலேஜ் பொண்ணு வாங்கிட்டு வந்து அதோட சிநேகிதிக்கு சத்தமா வாசிச்சுக் காட்டுது. "அன்புள்ள ரேவதிக்கு, நானும் கணக்குல பெயிலானவதான், கவலைப்படாதே"ன்னு எழுதி, கீழ இன்னும் மூணு வரி. யாருன்னே தெரியாத பொண்ணு சார். அதுக்கு அவ்வளவு எழுதியிருக்கா. நூறுல ஒண்ணு வச்சிருக்கேன், எனக்கு வெறும் கையெழுத்து.

நான் போயி ஒரு சாதாப் பதிப்பு வாங்குனேன். மெல்லிசு அட்டை, ஆயிரக்கணக்குல அடிக்கிறது. இந்த வயசு வரைக்கும் நான் அப்படி ஒண்ணு வாங்கினது இல்ல. ஏன் வாங்குனேன்னா, அதுக்குக் காரணம் இருக்கு. எழுதுனவங்க சொந்த அப்பாவுக்கு எழுதிக் குடுத்த பிரதின்னா அதுக்கு மதிப்பே வேற. சேக்கறவங்க மத்தியில அதுக்கு ஈடு கெடையாது. அதுக்காகத்தான் வாங்குனேன். வேற ஒண்ணும் இல்ல.

வரிசையில நின்னேன். வெயிலு. முன்னாடி நின்னவங்க ஆளாளுக்குக் கதை பேசுறாங்க, செல்ஃபி எடுக்குறாங்க. நான் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே நின்னேன். அப்பாவுக்குன்னு எழுதும்மா. அப்பாவுக்குன்னு எழுது. எழுதறியா.

எம் மொற வந்துச்சு. குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தா. மேல நின்னு பாக்குறேன், வகிட்டுல நரை. ரெண்டு மூணு முடி இல்ல சார், ஒரு கொத்து. எம் மகளுக்கு நரைச்சிருச்சு. எங்கிட்ட யாரும் சொல்லல. அது எப்ப நரைச்சுச்சுன்னே எனக்குத் தெரியாது. அங்கனயே அழுகை வந்துருச்சு, அடக்கிக்கிட்டேன்.

புத்தகத்தை வச்சேன். பக்கத்தைத் திருப்பிக்கிட்டே, தலையத் தூக்காம, "யாருக்குன்னு எழுத?"ன்னா.

"அப்பாவுக்கு"ன்னேன்.

பேனா அப்படியே நின்னுச்சு. மை அடைச்சிருச்சு போலன்னு நெனச்சேன், அந்தப் பேனாவெல்லாம் அப்படித்தான். பின்னாடி நின்ன ஆளு முதுகுல இடிக்கிறான். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்பா பேரு?"ன்னா.

எம் மகளுக்கு எம் பேரைச் சொன்னேன் சார். "ஜெகதீசன்"ன்னேன்.

எழுதுனா. மூடிக் குடுத்தா. "அடுத்து வாங்க"ன்னா. வெளிய தண்ணித் தொட்டிகிட்டப் போயி நின்னு பிரிச்சுப் பாத்தேன். "திரு. ஜெகதீசன் அவர்களுக்கு, வாசிக்க." கீழ கையெழுத்து. ஊருக்கெல்லாம் அன்பு. எனக்கு மட்டும் வாசிக்க.

கவனிச்சிருக்க மாட்டா. அதுதான் விசயம். காலையிலருந்து ஒரே கூட்டம், கண்ணாடி வேற போட்டிருக்கா, குனிஞ்ச தலை நிமிரல. நானும் எளைச்சுப் போயிருக்கேன், கொரலு மாறியிருக்கும். கவனிச்சிருந்தா எந்திரிச்சிருப்பா. இல்லீங்களா? நீங்களும் புள்ள பெத்தவருதான? எந்திரிச்சிருப்பால்ல?

கணவாய் தாண்டிட்டான். ஆண்டிப்பட்டி வந்துரும், அப்புறம் தேனி வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. நீங்க வேகமா வாசிப்பீங்களா சார்? துணி அட்டை இல்ல, அது உள்ள இருக்கட்டும். இந்தாங்க, இது. மொதப் பக்கத்தைப் பாக்க வேண்டாம், தள்ளிருங்க. எந்தக் கதைன்னு எனக்குத் தெரியாது, நாலஞ்சு பக்கம் பெரட்டுனா தெரிஞ்சுரும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். அதுல ஒரு அப்பன் வருவான். நல்லவனா கெட்டவனான்னு எங்கிட்டச் சொல்ல வேண்டாம். கடைசி வரைக்கும் அவனை அவ அப்பான்னுதான் கூப்பிடுறாளா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க.